ஆண்களுக்குத்தானே மனநோய் அதிகம்? அப்புறம் பெண்களுக்கு எதற்குத் தனிப் பேச்சு?

கேள்வி: 9 அக்டோபர் 2024

நாளைக்கு உலக மனநல நாள். எங்கே திரும்பினாலும் பெண்களின் மனநலம், பாலினச் சமத்துவம், கொள்கை என்று ஒரே பேச்சு. பெங்களூரில் இருக்கும் மனநல மருத்துவ நிறுவனம் நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பையே பாருங்கள். ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருந்தவர்கள் ஆண்களில் 13.9 சதவீதம், பெண்களில் 7.5 சதவீதம். தற்கொலையில் இறப்பவர்களிலும் ஆண்கள்தான் அதிகம். அப்படியானால் சமத்துவம் யாருக்கு வேண்டும்? மெடிக்கல் வைத்திருக்கும் அக்கா பதில் சொல்லட்டும்.

9 அக்டோபர், இரவு 10.40

கடையை அடைத்துவிட்டு இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். எண் சரிதான். ஆனால் அந்த 13.9க்குள் குடியும் மற்ற போதைப் பழக்கங்களும் அடக்கம். அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள், கதை மாறும். எல்லா மனநோயும் பெண்களுக்கே அதிகம். மிச்சம் நாளைக்கு.

10 அக்டோபர், காலை 7.15

தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் ஒரு வரி தப்பு. "எல்லா மனநோயும்" கிடையாது. மனச்சோர்வும் பதற்றமும்தான் பெண்களுக்கு அதிகம். மனச்சோர்வு உலகம் முழுக்கவே பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனச்சிதைவும் (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம்) இருதுருவக் கோளாறும் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இரு பாலருக்கும் கிட்டத்தட்டச் சமமாகவே வருகின்றன. மனச்சிதைவு ஆண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே தொடங்கிவிடும். மாத்திரை விற்கிறவள் இப்படிப் பேசியிருக்கக் கூடாது.

அண்ணா, நீங்கள் கேட்டது தலைக்கணக்கு. இருபது வருஷமாக நான் கவுண்ட்டரில் பார்ப்பது வேறொரு கணக்கு. வீட்டில் ஆணுக்கு உடம்பு முடியவில்லை என்றால், அது மனசு சம்பந்தப்பட்டதாகவே இருந்தாலும், சீட்டோடு மனைவி வருவாள். எந்த மாத்திரை காலையில், எது சாப்பாட்டுக்கு அப்புறம், எது தீர்ந்துபோகப் போகிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பெண்ணுக்கு என்றால் அவளே வருவாள். இல்லாவிட்டால் அவள் அம்மா வருவார். கணவன் வந்து, "அவளுக்கு அந்த ராத்திரி மாத்திரை கொடுங்க" என்று கேட்ட முகங்களை விரல்விட்டு எண்ணலாம். அப்படி வருகிற ஒருவரை எனக்குத் தெரியும், லாரி ஓட்டுகிறார். மாத்திரை பேரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவார். சீட்டில்லாமல் தர முடியாது என்று நான் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்ப, வண்டிக்கு ஓடிப்போய்ச் சீட்டை எடுத்து வருவார்.

10 அக்டோபர், மதியம்

கடையில் கூட்டமில்லை. மேலே சொன்னதற்கு ஒரு சின்னச் சாட்சி.

ஒரு பெண், முப்பது வயசு இருக்கும். மாமியாருக்கு பி.பி. மாத்திரை, பிள்ளைக்கு இருமல் மருந்து, மாமனாருக்கு மூட்டுவலித் தைலம் என்று வரிசையாக வாங்குவாள். பணம் கொடுத்து, பையை மூடி, படி இறங்கிவிட்டுத் திரும்பி வருவாள். பர்ஸின் உள்ளறையிலிருந்து எட்டாக மடித்த ஒரு சீட்டு வெளியே வரும். மனச்சோர்வு மாத்திரை, மாதம் முப்பது. "அக்கா, இதை மட்டும் கால்சியம் டப்பாவில போட்டுக் கொடுங்க." கால்சியம் சாப்பிட்டால் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பெண் என்றால் எலும்பு தேயும், ரத்தம் குறையும், அதெல்லாம் ஒப்புக்கொண்ட விஷயம். மனசு தேய்ந்தால்தான் ஒளித்துச் சாப்பிட வேண்டும்.

நானும் ஒன்றரை வருஷம் போட்டுக் கொடுத்தேன்.

11 அக்டோபர்

ஆயுத பூஜை. தராசுக்கும் பிரிட்ஜுக்கும் பில் மெஷினுக்கும் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, மத்தியானத்தோடு அடைத்தாயிற்று.

திட்டி எழுதிய சேலத்து டாக்டரம்மாவுக்கு: நீங்கள் சொன்னது நியாயம். அட்டையைப் பிரித்துப் பேர் தெரியாத டப்பாவில் போடுவது தப்பு. வீட்டில் குழந்தை எடுத்து விழுங்கலாம், மாமியாரே கால்சியம் என்று நினைத்து இரண்டு போட்டுக்கொள்ளலாம். அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று சொல்ல ஆளிருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. அவள் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தேன். போன மாதத்திலிருந்து அட்டையைப் பிரிக்காமல், சின்னக் காகித உறையில் பேரும் வேளையும் எழுதி, உறையை மட்டும் கால்சியம் டப்பாவுக்குள் வைத்துத் தருகிறேன். பாதிப் பொய். அவளும் சிரித்தாள். இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

13 அக்டோபர், ஞாயிறு

கொள்கை கொள்கை என்கிறீர்களே, கொள்கையில் பெண் இல்லாமலா இருக்கிறாள் என்று கேட்டிருந்தார் ஒருவர். இருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டாவது பெண் 2009இல் பிறந்தாள். பிரசவம் சுகப்பிரசவம். மூன்றாம் வாரத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தை அழுதால் விழிப்பது எல்லோருக்கும் உண்டு. எனக்கு அவள் நன்றாகத் தூங்கும்போதுதான் விழிப்பு வந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். வருகிறது என்று தெரியும், மறுபடியும் வைப்பேன், விடிகிற வரைக்கும். பகலில் யாராவது குழந்தையைக் கொஞ்சினால் அழுகை வரும். குளிக்கப் போனால் தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பேன். அம்மா, "பச்சை உடம்புடி, அப்படித்தான் இருக்கும்" என்று பெருங்காயம் வறுத்துக் கொடுத்தார். மாமியார் அதிகம் பேசவில்லை. "ரெண்டாவதும் பொண்ணு, அதான் பாவம்" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது சுவரைத் தாண்டி என் காதில் விழுந்தது.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. தொட்டில் மாதிரி இருக்கும் தொங்கு தராசில் குழந்தையை வைத்து எடை பார்த்தார். மூன்று கிலோ நூறு. தொப்புள் பார்த்தார், தடுப்பூசித் தேதி எழுதினார், "பால் இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். அவர் பதிவேட்டில் என்னைப் பற்றி நிரப்ப இருந்த கட்டங்கள் மூன்று: ரத்தப்போக்கு, காய்ச்சல், பால். மூன்றுக்கும் நல்ல பதில் கொடுத்துவிட்டேன். கிளம்பிப் போனார்.

இதில் எனக்கே வெட்கமான பகுதி ஒன்று உண்டு. நான் பார்மசி படித்தவள். எனக்கு என்ன ஆகியிருக்கிறது, அதற்கு என்ன மாத்திரை, தாய்ப்பால் கொடுக்கும்போது எதைச் சாப்பிடலாம், எல்லாம் பாடத்தில் படித்தது. ஐந்து மாதம் டாக்டரிடம் போகவில்லை. ஆறாவது மாதம் என் தம்பி பைக்கில் உட்கார வைத்து அழைத்துப் போனான். கிளினிக் வாசலில் "நரம்பு" என்று பலகை இருந்ததால் ஊருக்கு அது தலைவலி.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்று பார்த்தால், குறைந்த வருமானம், ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடு அல்லது பெற்றோரோடு மனத்தாங்கல், கைவேலைக்கு ஆள் இல்லாதது. அதே ஆண்டு வெளிவந்த கோவா ஆய்வில் 23 சதவீதம். அங்கேயும் கணவனின் அடியும் பெண் குழந்தையும் பட்டியலில் உண்டு. ஹார்மோன் மட்டுமே காரணம் என்றால் குழந்தை ஆணா பெண்ணா என்று அது பார்க்குமா?

கண்டுபிடிக்கவும் பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள், 1987இல் உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. தமிழிலும் இருக்கிறது. எடை பார்க்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

13 அக்டோபர், இரவு

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், "என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே" என்றார். நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை என்கிறார். அப்போது அவர் திருப்பூரில் வேலை பார்த்தார், பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருவார். அவருக்கு விடுப்பு கிடைத்தது இரண்டே நாள். மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவருக்கு அப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் இல்லை. பெண்களுக்கு 2017லிருந்து 26 வாரம், தமிழ்நாட்டு அரசு ஊழியர் என்றால் 2021லிருந்து 12 மாதம். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை என்பது பெண்ணின் டிபார்ட்மென்ட் என்று சட்டமே எழுதிவைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இது அவருக்காகச் சேர்த்த குறிப்பு. போதுமா என்று கேட்டேன். போதுமாம்.

14 அக்டோபர்

இல்லை, பெருங்காயம் மனச்சோர்வுக்கு மருந்தில்லை. மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

19 அக்டோபர்

மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றித் திருச்சி நண்பர் எழுதியதைப் படித்ததும் பழைய ஞாபகம் ஒன்று கிளம்பிவிட்டது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் எடுத்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. நோய்க்காரரைத் தேடி ஊருக்கே மருத்துவர் வருவது என்கிற அந்த யோசனை எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

பெரியம்மா மகள், எனக்கு ஆறு வயசு மூத்தவள். கல்யாணமான நாலாம் வருஷம் மனச்சிதைவு. மிகவும் முற்றிய ஒரு நாளில் அரசு மருத்துவமனை ஒன்றுக்கு (எது என்று சொல்ல மாட்டேன்) பெரியப்பாவும் நானும் கூட்டிப் போனோம். டாக்டர் பார்த்தார், சேர்க்க வேண்டும் என்றார். வார்டுக்குப் போனால், "பொம்பளை வார்டு. கூட பொம்பளை ஆள் இருக்கணும், ராத்திரியும்" என்றார்கள். பெரியம்மா மூட்டுவலியில் படுத்த படுக்கை. எனக்குக் கைக்குழந்தை. அண்ணிக்கு நூறுநாள் வேலை. பெரியப்பா வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். விதி விதிதான். மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்கள் வார்டில் அந்தச் சிக்கலே கிடையாது. அங்கே மனைவி இருக்கலாம், அம்மா இருக்கலாம், அக்காவும் இருக்கலாம். நான் எட்டிப் பார்த்தபோது அந்த வார்டில் நோயாளிகள் எல்லாம் ஆண்கள், தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பெண்கள்.

பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் அந்த விதி என்று ஒரு நர்ஸ் விளக்கினார். எனக்கும் புரிகிறது, பொம்பளை வார்டில் ராத்திரி ஆம்பளைகள் படுக்கலாமா என்று கேட்டால் நானே கூடாது என்பேன். ஆனால் அதற்கு ஒரு பெண் உதவியாளரை ஆஸ்பத்திரி வைக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்து, வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூலியில்லாமல் கொண்டுவா என்றால், வீட்டில் சும்மா இருக்கும் பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள் என்ற நினைப்பில்தானே அந்த விதியை எழுதியிருக்கிறார்கள்?

சரி, அப்புறம் வேறிடத்தில் சேர்த்தோம். மூன்று மாதத்தில் தெளிந்தாள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு மாப்பிள்ளை வரவில்லை. வந்தது வக்கீல் நோட்டீஸ்தான். இந்துத் திருமணச் சட்டம் 13ஆம் பிரிவில் மனநோய் ஒரு காரணம். ஆண் பெண் இருவருக்கும் ஒரே பிரிவுதான், எழுத்தில் பார்த்தால் முழுச் சமத்துவம். எங்கள் தெருவிலேயே அதே நோயுள்ள ஓர் ஆண் இருக்கிறார். அவர் மனைவி இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

சென்னையில் சாரதா மேனன் அம்மா 1984இல் தொடங்கிய ஸ்கார்ப் அமைப்பு, மனச்சிதைவு வந்து கணவனால் விடப்பட்ட பெண்களைப் பற்றியே ஒரு ஆய்வு செய்திருக்கிறது. நோயால் வந்த அவமானத்தைவிட வாழாவெட்டி என்ற அவமானமே அந்தப் பெண்களையும் குடும்பத்தையும் அதிகம் வாட்டியது என்று அதில் வருகிறது. என் அக்கா இன்னும் தாலியைக் கழற்றவில்லை. தீர்ப்பு வந்து பதினொரு வருஷம் ஆகிறது.

20 அக்டோபர்

நேற்றையதில் விட்டுப்போனது. சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் (2018 மே மாதம் அமலுக்கு வந்தது) காகிதத்தில் நல்ல சட்டம். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பதினைந்து நாளுக்கொருமுறை அந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும். மாதவிடாய்க்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும். கட்டாய மொட்டை கூடாது. சிகிச்சை என்ற பேரில் கருத்தடை கூடாது. தன் சார்பில் பேசும் ஆள் யார் என்று நோயாளியே எழுதிக் கொடுக்கலாம், அது கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்தப் பட்டியலைத் திருப்பிப் படியுங்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருந்ததால்தானே தனித்தனியாக எழுதித் தடுக்க வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டியிருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் பதினாறு வருஷம் ஆயிற்று இந்தச் சட்டம் வர.

தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009இல் தொடங்கியது. நான் மூக்கில் விரல் வைத்துக்கொண்டிருந்த அதே வருஷம். அது தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

26 அக்டோபர்

தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, மாத்திரைக்கு இல்லை, லேகியத்துக்கு. அதற்குள் ஒன்று.

"பெண்கள் மட்டுமா ஒளித்துச் சாப்பிடுகிறார்கள், ஆண்களுக்குத் தெரியாமலே கொடுக்கிறார்களே" என்று கேள்வி கேட்ட அதே அண்ணன் எழுதியிருக்கிறார். அடிபட்ட இடத்திலேயே அடித்துவிட்டார். உண்மை. மாதத்துக்கு இரண்டு பெண்களாவது வந்து, "சாம்பார்ல கலந்து குடுக்கிற மாத்திரை இருக்காமே, குடிய நிறுத்துறது" என்பார்கள். டைசல்பிரம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில நேரம் உயிருக்கே ஆபத்து. தனக்குள் அது இருக்கிறது என்று தெரிந்தவன்தான் குடிக்காமல் இருப்பான். தெரியாதவன் வழக்கம்போலக் கடைக்குப் போவான். நான் கொடுப்பதில்லை. டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள் என்பேன். "அவரு எங்க வருவாரு" என்று போய்விடுவார்கள். சிலர் கன்னத்தில் வீங்கலோடு வந்து கேட்பார்கள். அப்போதும் இல்லை என்று சொல்வது எனக்கு லேசாக இருப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. மனைவிக்குப் பாலில் கரைத்துக் கொடுக்க, வாசனை வராத சொட்டு மருந்தாகக் கேட்கும் கணவர்கள். "சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்கா மேடம்." ஒருதடவை அந்தச் சந்தேகம் முழுக்க உண்மை என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

2 நவம்பர்

தொழில் பேச்சு, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

தூக்க மாத்திரை சோல்பிடெம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் பெண்களுக்கு அதன் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. பெண் உடம்பில் அது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது. மாத்திரை சந்தைக்கு வந்து இருபது வருஷத்துக்குப் பிறகு வந்த ஞானம். ஏன் தாமதம்? அதே அமைப்பு 1977இல், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களை முதல்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியிருந்தது. 1993இல்தான் மாற்றிக்கொண்டார்கள். என் கடைக்கு வரும் சீட்டுகளில் இன்னமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் 10தான் அதிகம். போன் போட்டுக் கேட்டால் சில டாக்டர்கள் மாற்றுவார்கள். சிலர், "நீங்க டாக்டரா?" என்பார்கள்.

இன்னொன்று வால்புரோயேட். வலிப்புக்கும் இருதுருவக் கோளாறுக்கும் கொடுப்பது. கர்ப்பத்தில் சாப்பிட்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம். ஐரோப்பாவில் 2018லிருந்து, கருத்தடை உறுதியில்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு எழுதக் கூடாது. இங்கே கல்யாணமாகாத பெண்ணிடம் கருத்தடையைப் பற்றி எந்த டாக்டர் வாய் திறப்பார், அதுவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது? ஆக யாரும் கேட்பதில்லை. கல்யாணம் முடிவானதும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையையே மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். நோய் வெளியே தெரிந்ததும் என்ன நடக்கும் என்பதை என் பெரியம்மா வீட்டில் பார்த்தேன்.

2024 ஜனவரியில் ஐரோப்பாவில் இதே மாத்திரையைச் சாப்பிடும் ஆண்களுக்கும் எச்சரிக்கை சேர்த்திருக்கிறார்கள், அப்பா ஆகப்போகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று. தாமதமாகவேனும் அப்பாவுக்கும் பிள்ளையில் பங்கு உண்டு என்று தெரிந்துகொண்டார்கள்.

9 நவம்பர்

கருத்தடை என்றதும் கிளம்பிவிட்டார்கள் சிலர். சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு: கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்காத, அன்றைக்கே வீட்டுக்குப் போகிற சின்ன அறுவை. "வெயிட் தூக்க முடியாதுங்க அப்புறம்" என்பார்கள். பிள்ளை பெற்ற உடம்பு மட்டும் மூட்டை தூக்குமா என்று கேட்க ஆளில்லை.

தலைப்பை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டேன். இல்லை, வரவில்லை.

24 நவம்பர்

முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். தற்கொலையில் ஆண்களே அதிகம் என்றதை நான் இத்தனை நாளாகத் தொடவே இல்லை, தப்பித்துக்கொண்டிருந்தேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கு: மொத்தம் 1,70,924 பேர். ஆண்கள் 1,22,724, பெண்கள் 48,172. மொத்தத்தில் கால்பங்குக்கு மேல் தினக்கூலிகள். அண்ணன் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் கொழுந்தனார் குடியிலேயே போனார். போவதற்கு முந்தின ஆறு மாதமும் கடைக்கு வந்து, "அண்ணி, தூக்கம் வரமாட்டேங்குது, எதாச்சும் குடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சீட்டு வேண்டும் என்று சரியாகவே சொன்னேன். ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்று மேலே அவ்வளவு நீளம் எழுதிய நானேதான்.

ஆம்பளை அழக் கூடாது, கடன் கவலையை மனைவியிடம் காட்டக் கூடாது, டாக்டரிடம் போகக் கூடாது, குடித்துக்கொள்ளலாம். இதுவும் பாலினம்தான். இதை வைத்துக்கொண்டு பெண்களுக்கு எதற்கு என்று கேட்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த 48,172இல் 25,309 பேர் இல்லத்தரசிகள், பாதிக்கு மேல். உலகத்தில் 2016இல் தற்கொலையில் இறந்த பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியப் பெண் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கல்யாணம் ஆணுக்குக் காவல் என்பார்கள், இந்த எண்களைப் பார்த்தால் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படிக்கிற யாருக்காவது மனசு தாங்காத நிலை என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். கடையில் பில் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். ஆண்கள் அதைப் பார்க்காத மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

8 டிசம்பர்

ஆண், பெண் என்று இரண்டையே உருட்டுகிறீர்களே என்று ஒரு திருநங்கைத் தோழி கேட்டிருக்கிறார். மன்னிக்க வேண்டும். வார்டு பேச்சை எழுதியபோதே உறைத்திருக்க வேண்டும்: அவரை எந்த வார்டில் சேர்ப்பார்கள், கூட யார் இருக்க வேண்டும் என்பார்கள்? திருநங்கைகளுக்கான நலவாரியம் 2008லேயே இங்கே வந்துவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுவிட்டு, பாலின ஈர்ப்பை "மாற்றும்" சிகிச்சைக்குத் தடை சொன்னார். ஒரு நீதிபதி எனக்குத் தெரியவில்லை என்று சொன்னது எனக்கு அந்தத் தீர்ப்பைவிடப் பிடித்திருந்தது. நான் விற்கும் எந்த மாத்திரையும் அதற்கு இல்லை, கேட்டு வரும் பெற்றோரிடம் அதைத்தான் சொல்கிறேன்.

20 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து முதல் திங்கள். எழுதிக்கொண்டே இருப்பதற்கு ஒரு மனுவாவது கொடு என்று வீட்டுக்காரர் குத்திக்காட்டியதால், குறைதீர்க்கும் நாளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டே கோரிக்கை. ஒன்று, பெண்கள் மனநல வார்டில் பெண் உதவியாளரை மருத்துவமனையே நியமிக்க வேண்டும், ஆள் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு, பிரசவித்த வீட்டுக்கு வரும் செவிலியரின் பதிவேட்டில் அந்தப் பத்துக் கேள்விகளைச் சேர்க்க வேண்டும். பத்தையும் தமிழில் கையால் எழுதி இணைத்தேன். மனுவை வாங்கிப் பதிந்த பெண் பக்கத்தைப் புரட்டி, ஐந்தாவது கேள்வியில் நின்று, "இது எனக்கும் இருந்துச்சு மேடம்" என்றாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

3 பிப்ரவரி

கால்சியம் டப்பாப் பெண்ணைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: வருகிறாள். டோஸைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் டாக்டர். போன வாரம் கூட வந்த மாமியார் என்னிடம் தனியாக, "எனக்கும் அந்தக் கால்சியத்தையே குடும்மா, அவ இப்ப நல்லாத் தூங்குறா" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் உண்மையான கால்சியம் கொடுத்தேன்.

17 மார்ச்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது, ஒரு குறுஞ்செய்தி. என் கோரிக்கை "மருத்துவமனைக் கட்டடம் மற்றும் கழிப்பறைப் பராமரிப்பு" என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டு, பொதுப்பணித் துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம். அடுத்த திங்கள் மறுபடி போகிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், காலை ஏழரை பஸ்.